பட்டதாரிகளின் பணித்தகுதியை வளர்க்கும் பாடத்திட்டத்தை வடிவமைப்பது எப்படி

ஒரு துறையில் படித்து வெளியேறும் பட்டதாரிகள் வேலையில் தடுமாறுகிறார்கள் என்ற குறை எழும்போது, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரே விதமாகத்தான் நடந்துகொள்கின்றன. இறுதியாண்டில் மென்திறன் என்ற பெயரில் ஒரு தாள் சேர்க்கப்படும். அப்போது பரவலாகப் பேசப்படும் ஒரு மென்பொருளுக்கு ஒரு செய்முறைத் தாள் சேர்க்கப்படும். நேர்முகத் தேர்வை எதிர்கொள்ள ஒரு வாரப் பயிற்சி நடத்தப்படும். மற்ற தாள்கள் எல்லாம் முன்பிருந்தபடியே இருக்கும். பல ஆண்டுகள் குறிப்புகளை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெற்றுப் பழகிய ஒரு மாணவர், கடைசிப் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் நடக்கும் ஒரு வகுப்பினால், தெளிவற்ற ஒரு சிக்கலைத் தாமே பகுத்து, தரவு தேடி, முடிவெடுத்து, அந்த முடிவைப் பிறருக்கு விளங்கும்படி எழுதிக் கொடுக்கும் ஆளாக மாறிவிட மாட்டார்.

முதன்மைப் பாடங்களில் மாணவர் என்ன வேலையைச் செய்கிறார், அதில் எதற்கு மதிப்பெண் பெறுகிறார் என்ற இரண்டும்தான் பணித்தகுதியைத் தீர்மானிக்கின்றன என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஆகவே, ஒரு பட்டப்படிப்பை முழுமையாகத் திருத்தி அமைக்க முனையும் துறைத் தலைவர்களையும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. கலை, அறிவியல், வணிகம், பொறியியல் என எந்தத் துறைக்கும் இதன் முறை பொருந்தும். எடுத்துக்காட்டுகளை மட்டும் அவரவர் துறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

எதை நோக்கித் திட்டமிடுகிறோம்

வேலைவாய்ப்பு வேறு, பணித்தகுதி வேறு. பொருளாதாரம் தேங்கும் ஆண்டில் மிகச் சிறந்த பட்டதாரிக்கும் வேலை கிடைக்காமல் போகலாம். ஆள் தட்டுப்பாடு உள்ள ஆண்டில் சுமாரான பட்டதாரிக்கும் உடனே கிடைக்கலாம். பாடத்திட்டத்தால் வேலைகளை உருவாக்க முடியாது. வேலை கிடைத்தால் அதைச் செய்யவும், அதில் நிலைக்கவும், பின்பு வேறொன்றுக்கு மாறவும் தேவையான ஆற்றலைத்தான் அதனால் வளர்க்க முடியும். இந்த எல்லையைத் திட்டமிடலின் முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், வேலை பெற்றோர் விழுக்காடு ஒன்றையே இலக்காக வைத்து, அதை உயர்த்திக்காட்டும் குறுக்கு வழிகளில் துறையின் உழைப்பு வீணாகும்.

அந்த ஆற்றல் எவற்றால் ஆனது என்பதற்கு மான்ட்ஸ் யார்க், பீட்டர் நைட் என்ற இரு கல்வியாளர்கள் முன்வைத்த பகுப்பு இன்றும் பயன்படுகிறது. துறை சார்ந்த புரிதல், திறமையான செயல்பாடு, ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற தன்னம்பிக்கை, தன் கற்றலைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம் ஆகிய நான்கையும் அவர்கள் ஒருசேரப் பார்த்தார்கள். இதில் முதலிடத்தில் இருப்பது துறை அறிவு என்பதைக் கவனிக்க வேண்டும். பாடத்தின் ஆழத்தைக் குறைத்துத்தான் பணித்தகுதியை வளர்க்க முடியும் என்ற அச்சம் பல ஆசிரியர்களிடம் இருக்கிறது. அந்த அச்சம் மதிக்கத்தக்கது, ஆனால் தேவையற்றது. வேதியியலை ஆழமாக அறியாத ஒருவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும், ஆய்வுக்கூடத்தில் அவரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

பட்டதாரி செய்யும் வேலையிலிருந்து தொடங்குதல்

பழைய பாடத்திட்டத்தை மேசையில் விரித்து அதில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று தொடங்கினால், பழைய திட்டமே சிறிது புது வண்ணத்துடன் திரும்பி வரும். தொடங்க வேண்டிய இடம், இத்துறையில் பட்டம் பெற்றவர்கள் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்பது.

இதை அறிய, பல வகைப் பணிகளில் இருக்கும் முன்னாள் மாணவர்களில் பதினைந்து, இருபது பேரைத் தேர்ந்து ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேச வேண்டும். நல்ல நிறுவனங்களில் சேர்ந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. துறை மாறிப் போனவர்கள், சுயதொழில் செய்பவர்கள், நீண்ட காலம் வேலை கிடைக்காமல் இருந்தவர்கள் ஆகியோரின் சொற்களில்தான் பாடத்திட்டத்தின் இடைவெளிகள் தெளிவாகத் தெரியும். ‘என்னென்ன திறன்கள் தேவை?’ என்று கேட்டால் ‘தகவல் தொடர்பு, தலைமைப்பண்பு, குழுப்பணி’ என்ற வழக்கமான பட்டியல்தான் கிடைக்கும். அதை வைத்து எந்தத் தாளையும் திருத்த முடியாது. மாறாக, கடந்த வாரம் என்னென்ன வேலைகள் செய்தீர்கள், கடைசியாக எழுதிய அறிக்கை யாருக்காக எழுதப்பட்டது, வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் எங்கே திணறினீர்கள், அப்போது யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், மேலதிகாரி உங்கள் வேலையைத் திருப்பி அனுப்பியபோது என்ன காரணம் சொன்னார் என்று கேட்க வேண்டும். இத்தகைய கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களில் உண்மையான பணிகள் வெளிப்படும்: முழுமையற்ற தரவுத் தொகுப்பைச் சரிபார்த்தல், முரண்படும் இரு தகவல்களில் எதை நம்புவது என்று முடிவு செய்தல், துறை அறியாத ஒருவருக்கு ஒரு பக்கத்தில் நிலைமையை விளக்குதல், காலக்கெடுவுக்குள் முடியாது என்பதை உரிய நேரத்தில் சொல்லுதல்.

வேலையளிப்போரிடம் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். மனிதவளப் பிரிவின் அலுவலர் ஆள் தேர்வைப் பற்றிச் சொல்வார். புதிய பட்டதாரியின் அன்றாட வேலையை நேரில் பார்க்கும் குழுத் தலைவரோ, அவர் எதில் தவறுகிறார் என்பதைச் சொல்வார். பாடத்திட்டத்திற்குப் பின்னவரின் சொல்லே அதிகம் பயன்படும். வேலை விளம்பரங்களைத் தொகுத்துப் பார்ப்பதும் உதவும் என்றாலும், அவற்றில் இருப்பவை பெரும்பாலும் நிறுவனங்களின் விருப்பப் பட்டியல்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு ஆயத்தம் செய்யும் படிப்பாக இருந்தால், கனடாவில் 1960களின் பிற்பகுதியில் உருவான டேக்கம் என்ற முறையைக் கையாளலாம். அந்தத் தொழிலில் தேர்ந்த ஐந்திலிருந்து பன்னிரண்டு பேரை ஓர் அறையில் அமர்த்தி, பயிற்சி பெற்ற ஒருவர் நெறிப்படுத்த, ஏறத்தாழ இரண்டு நாள்களில் அத்தொழிலின் பொறுப்புகளையும் அவற்றுக்குள் அடங்கும் பணிகளையும் சுவரில் அட்டைகளாக ஒட்டி வரிசைப்படுத்துவார்கள். தொழிலைச் செய்பவரே அதை மிகத் துல்லியமாக விவரிக்க வல்லவர் என்பது இம்முறையின் அடிப்படை. அமெரிக்காவின் ஓநெட், ஐரோப்பிய ஆணையத்தின் எஸ்கோ ஆகிய தொழில் வகைப்பாட்டுத் தரவுத்தளங்களில் பணிகளும் திறன்களும் விரிவாக வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், விடுபட்டவற்றைச் சரிபார்க்க அவற்றையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். வரலாறு, இலக்கியம், தத்துவம் போன்ற படிப்புகளுக்கு இப்படி ஒற்றைத் தொழில் கிடையாது. அங்கே பட்டதாரிகள் செல்லும் பல்வேறு வேலைகளில் மீண்டும் மீண்டும் வரும் பணி வகைகளை, அதாவது நீண்ட ஆவணங்களைப் படித்துச் சாரம் எடுத்தல், சான்றின் நம்பகத்தன்மையை எடை போடுதல், எதிர்க்கருத்தை நேர்மையாக எடுத்துரைத்தல் போன்றவற்றைத் தேடிக் கண்டறிய வேண்டும். இவை அத்துறைகளின் உயிர்நாடியாகவே இருப்பவை என்பதைப் பார்க்கும்போது, பணித்தகுதி தங்கள் பாடத்துக்கு அயலானது என்று எண்ணியிருந்த ஆசிரியர்களின் தயக்கம் குறையும்.

கற்றல் விளைவுகளை எழுதுதல்

திரட்டிய பணிகளிலிருந்து, பட்டப்படிப்பு முழுமைக்குமாக ஆறிலிருந்து எட்டுக் கற்றல் விளைவுகளை எழுத வேண்டும். இருபது, முப்பது என்று எழுதினால் ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ‘மாணவர் புள்ளியியல் முறைகளை அறிவார்’ என்ற வாக்கியத்தைச் சோதிக்க வழியில்லை. ‘குறைகளுள்ள ஒரு தரவுத் தொகுப்பைச் சுத்தம் செய்து, ஏற்ற முறையைத் தேர்ந்து பகுப்பாய்ந்து, முடிவின் எல்லைகளையும் சேர்த்துத் துறை சாராதவருக்கு இரண்டு பக்கத்தில் எழுதித் தருவார்’ என்று எழுதினால், அதைச் செய்யச் சொல்லிப் பார்த்து மதிப்பிடலாம். ஒவ்வொரு விளைவையும் எழுதியவுடன், இது நிறைவேறியதா என்பதை எந்தப் படைப்பைப் பார்த்து அறிவோம் என்று கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் அந்த வாக்கியத்தை மீண்டும் எழுத வேண்டும்.

பெஞ்சமின் புளூமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956இல் வெளியிட்டு, 2001இல் திருத்தப்பட்ட அறிவுசார் நோக்கங்களின் படிநிலை, சரியான வினைச்சொல்லைத் தேர்வு செய்ய உதவும். ஆயினும் அதை வினைச்சொற்களின் அகராதியாக மட்டும் பயன்படுத்துவது பரவலாகிவிட்டது. ஆவணத்தில் ‘பகுப்பாய்வார்’ என்று எழுதிவிட்டு, வினாத்தாளில் ‘வரையறு’ என்று கேட்பதில் பயனில்லை. பொறியியல் படிப்புகளை நடத்துவோர், 1989இல் ஆறு நாடுகளின் தர அங்கீகார அமைப்புகள் கையெழுத்திட்டுப் பின்னர் பல நாடுகளுக்கு விரிந்த, ஒருவர் அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்றவரும் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் பட்டதாரிப் பண்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். சிக்கல் பகுப்பாய்வு, குழுப்பணி, தொடர்பாடல், அறநெறி போன்றவை அவற்றில் இடம்பெறுகின்றன. அவற்றை அப்படியே நகலெடுத்து ஒட்டாமல், தங்கள் துறையின் பணிகளோடு இணைத்து எழுதினால்தான் ஆசிரியர்களுக்குப் பொருள் விளங்கும்.

அட்டவணையில் உண்மையைப் பார்த்தல்

கற்றல் விளைவுகளை ஒரு பக்கமும் எல்லாத் தாள்களையும் மறுபக்கமும் எழுதி ஓர் அட்டவணை வரைய வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த விளைவு அந்தத் தாளில் அறிமுகமாகிறதா, பயிற்சி பெறுகிறதா, மதிப்பிடப்படுகிறதா என்று குறிக்க வேண்டும். ஆசிரியர்களிடம் அட்டவணையைக் கொடுத்தால் எல்லோரும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பித் தருவார்கள். தங்கள் தாள் எல்லாவற்றுக்கும் பங்களிக்கிறது என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள் என்பதே இதற்குக் காரணம். ஆகவே ஒரு கடுமையான விதி தேவை: மதிப்பெண் வழங்கப்படும் ஒரு குறிப்பிட்ட ஒப்படைப்பையோ தேர்வு வினாவையோ காட்ட முடிந்தால் மட்டுமே அந்தக் கட்டத்தை நிரப்பலாம்.

இந்த விதியோடு நிரப்பும்போது அட்டவணை பெரும்பாலும் வெறுமையாகிவிடும். எழுத்து, பேச்சு, குழுப்பணி, முடிவெடுத்தல் ஆகியவை எல்லாம் இறுதியாண்டுத் திட்டப்பணி என்ற ஒற்றைக் கட்டத்தில் குவிந்திருப்பதும், முதல் இரண்டு ஆண்டுகளில் அவற்றுக்கு ஒரு பயிற்சியும் இல்லாதிருப்பதும் தெரியவரும். ஒரு முறைகூடப் பழகாத ஒன்றை நேரடியாக இறுதி மதிப்பீட்டில் கேட்பது மாணவருக்குச் செய்யும் அநீதி. ஒவ்வொரு விளைவும் குறைந்தது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கூடுதல் சிக்கலோடும் குறைந்த வழிகாட்டலோடும் திரும்பி வருமாறு தாள்களை இணைக்க வேண்டும். முதலாண்டில் கொடுக்கப்பட்ட தரவைக் கொண்டு கொடுக்கப்பட்ட வடிவத்தில் ஓர் அறிக்கை, இரண்டாமாண்டில் மாணவரே தேடிய தரவைக் கொண்டு ஓர் அறிக்கை, இறுதியாண்டில் கேள்வியையே மாணவர் வரையறுக்க வேண்டிய ஓர் ஆய்வு என்ற ஏறுவரிசை ஓர் எடுத்துக்காட்டு.

மதிப்பீட்டை மாற்றுதல்

இங்கேதான் அதிக நேரத்தைச் செலவிட வேண்டும். மாணவர் தம் உழைப்பை மதிப்பெண் இருக்கும் இடத்தில்தான் இடுவார். அது சோம்பல் அல்ல, அறிவுள்ள எவரும் செய்வது. கற்றல் விளைவும், வகுப்பில் நடக்கும் செயல்பாடும், மதிப்பீடும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று 1996இல் கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் வலியுறுத்தியதன் உட்பொருளும் இதுவே. பாடத்திட்ட ஆவணம் எதைச் சொன்னாலும், வினாத்தாள் சொல்வதையே மாணவர் நம்புவார்.

மருத்துவக் கல்வி இதில் மற்ற துறைகளுக்கு முன்னோடி. ஜார்ஜ் மில்லர் 1990இல் ஒரு பிரமிடாக வரைந்து காட்டிய நான்கு படிகளை எந்தத் துறைக்கும் பொருத்திப் பார்க்கலாம்: அறிந்திருத்தல், எப்படிச் செய்வது என்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், உண்மையான பணிச்சூழலில் செய்தல். பருவத் தேர்வுகள் பெரும்பாலும் முதல் படியிலும், சிறந்தவை இரண்டாம் படியிலும் நின்றுவிடுகின்றன. செய்து காட்டுதலை நியாயமாக மதிப்பிட முடியாது என்ற வாதத்திற்கும் மருத்துவக் கல்வியே பதில் தந்திருக்கிறது. ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய கட்டமைக்கப்பட்ட செய்முறைத் தேர்வில், மாணவர்கள் பல நிலையங்களுக்கு வரிசையாகச் சென்று, ஒவ்வொன்றிலும் குறித்த நேரத்திற்குள் ஒரு பணியைச் செய்து காட்ட, முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி வெவ்வேறு தேர்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒரே தேர்வாளரின் விருப்பு வெறுப்பு மொத்த மதிப்பெண்ணை மாற்றிவிடாமல் இது பார்த்துக்கொள்கிறது. கணக்கியலிலோ நூலக அறிவியலிலோ இதன் எளிய வடிவத்தைக் கொண்டுவருவது கடினமன்று.

ஒரு பொருளியல் தாளை எடுத்துக்கொள்வோம். விலை மாறும்போது வாங்கப்படும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைத் தேவை நெகிழ்ச்சி என்பார்கள். ‘தேவை நெகிழ்ச்சியை வரையறுத்து அதன் வகைகளை விளக்குக’ என்ற வினாவுக்குப் பதிலாக, ஒரு போக்குவரத்துக் கழகம் கட்டணத்தை உயர்த்த எண்ணுகிறது என்று வைத்து, சில ஆண்டுகளின் பயணிகள் எண்ணிக்கையையும் கட்டணத்தையும் கொண்ட, சில இடங்களில் விடுபட்ட அட்டவணையைத் தர வேண்டும். வருவாய் உயருமா, யாருக்குப் பாதிப்பு, இந்தத் தரவைக் கொண்டு எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று பொருளியல் படிக்காத ஓர் அதிகாரிக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்ல வேண்டும். பின்னர் பத்து நிமிடம் வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, எழுதியது அவருடைய சொந்தப் புரிதல்தானா என்று அறிய வேண்டும். நெகிழ்ச்சி என்ற கருத்தைப் புரிந்துகொள்ளாமல் இதைச் செய்ய முடியாது. ஆகவே பாட அறிவும் சோதிக்கப்படுகிறது, எழுத்தும் முடிவெடுத்தலும் சோதிக்கப்படுகின்றன, அதே தாளுக்குள், தனியாக ஒரு மென்திறன் வகுப்பு இல்லாமலே.

இத்தகைய மதிப்பீட்டில் கவனிக்க வேண்டிய நான்கு நடைமுறைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, அளவுகோல். ‘சிறப்பு’, ‘நன்று’ என்ற சொற்களை மட்டும் அட்டவணையாக்கினால் போதாது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மாதிரிப் படைப்பை வைத்து, ஆசிரியர்கள் ஒரே விடைத்தாளைத் தனித்தனியே திருத்திப் பார்த்து, மதிப்பெண் ஏன் வேறுபட்டது என்று பேச வேண்டும். இந்த ஒரு பிற்பகல் உரையாடல், பல பக்க விதிமுறைகளைவிட அதிகமாகத் தரத்தை ஒருமுகப்படுத்தும். இரண்டாவது, குழுப்பணி. குழு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் வழங்கினால், உழைத்தவர் வெறுப்படைவார், உழைக்காதவர் தப்பிப்பார். குழுவின் படைப்புக்கு ஒரு பகுதியும், தனிநபர் பங்களிப்பைக் காட்டும் பதிவேடு, சக மாணவர் மதிப்பீடு, தனி வாய்மொழித் தேர்வு ஆகியவற்றுக்கு மற்றொரு பகுதியும் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, தனித்தேர்ச்சி விதி. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணால் செயல் சார்ந்த பகுதியின் தோல்வியை ஈடுசெய்ய அனுமதித்தால், மாணவர் அந்தப் பகுதியைக் கைவிட்டுவிடுவார். இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சத் தேர்ச்சி பெற வேண்டும் என்று ஒழுங்குமுறையிலேயே எழுத வேண்டும். நான்காவது, செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், வீட்டில் எழுதி ஒப்படைக்கும் கட்டுரை யாருடைய புரிதலைக் காட்டுகிறது என்ற கேள்வி எல்லாத் துறைகளிலும் எழுந்துள்ளது. முற்றிலும் தடை செய்வதைவிட, வரைவுகளையும் எடுத்த முடிவுகளின் காரணங்களையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்வதும், கருவி தந்த விடையில் உள்ள பிழைகளைக் கண்டு திருத்துவதையே ஒரு பணியாகக் கொடுப்பதும், நேரடி வாய்மொழித் தேர்வை நிலையாகச் சேர்ப்பதும் பயன் தரும் என்பது என் கருத்து.

ஆசிரியரின் பணிச்சுமை பற்றி எழும் எதிர்ப்பு நியாயமானது. நூற்றைம்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு தாளிலும் இப்படிச் செய்ய இயலாது. பழைய மதிப்பீடுகளோடு புதியதைச் சேர்க்காமல், பழையவற்றில் இரண்டை நீக்கிப் புதியது ஒன்றை வைக்க வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு மாணவருக்கு ஒரே ஒரு பெரிய செயல் சார்ந்த ஒப்படைப்பு இருந்தால் போதும்; இரண்டு தாள்களின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒப்படைப்பை இரு கோணங்களில் மதிப்பிடுவதும் சுமையைக் குறைக்கும்.

எதை விடுவது

புதியதைச் சேர்க்கும் ஒவ்வொரு திருத்தமும், எதையாவது நீக்காவிட்டால் காகிதத்தில்தான் நிற்கும். இதற்குக் கணக்கு ஒன்றே நடுநிலையான சான்று. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழுநேரக் கல்வியாண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது பொதுவாக மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு நேரம் மட்டுமல்லாமல் படிப்பது, எழுதுவது, தேர்வுக்கு ஆயத்தமாவது எல்லாம் இந்த மணிகளுக்குள் அடங்கும். ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். தங்கள் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் முறை எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு தாளும் மாணவரிடம் உண்மையில் எத்தனை மணி நேரம் கேட்கிறது என்று இப்படிக் கூட்டிப் பார்த்தால், பல படிப்புகளில் அது வாரத்தின் நேரத்தையே மிஞ்சிவிடுவது தெரியும்.

நீக்கும் பேச்சு எழும்போது கூட்டத்தில் மனக்கசப்பு உண்டாகும், ஏனெனில் ஒவ்வொரு தலைப்புக்கும் பின்னால் அதை நேசித்துக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவரை மதித்தே பேச வேண்டும். ஒரு தலைப்பு வேறு தலைப்புகளுக்கு அடித்தளமாக இருக்கிறதா, பட்டதாரி அதைத் தேவைப்படும்போது தாமே படித்து அறிய முடியுமா, இரண்டு தாள்களில் அது திரும்ப வருகிறதா என்ற மூன்று கேள்விகளின் விடையை வைத்து முடிவெடுத்தால், அது ஒருவருக்கு எதிரான முடிவாகத் தோன்றாது. அடித்தளமானவற்றை ஒருபோதும் குறைக்கக் கூடாது. அடித்தளத்திலிருந்து தாமே கட்டிக்கொள்ளக்கூடிய தகவல் தொகுப்புகளைத்தான் குறைக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி

குறிப்பிட்ட மென்பொருளையும் கருவியையும் பாடத்திட்டத்தின் அங்கீகரிக்கப்பட்ட பகுதியில் பெயரிட்டு எழுதக் கூடாது. கல்விக்குழு ஒப்புதல் பெற ஓராண்டு, நடைமுறைக்கு வர ஓராண்டு, முதல் அணி பட்டம் பெற மேலும் சில ஆண்டுகள் என்று கடக்கும்போது அந்தக் கருவி வழக்கொழிந்திருக்கும். ஆவணத்தை இரண்டு அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். கற்றல் விளைவுகள், மதிப்பீட்டு வகைகள், அடிப்படைக் கருத்துகள் ஆகியவை ஒப்புதல் பெற்ற மேலடுக்கில் இருக்கட்டும்; கருவிகள், தரவுத் தொகுப்புகள், எடுத்துக்காட்டுச் சிக்கல்கள் ஆகியவை ஒவ்வொரு பருவமும் ஆசிரியரே மாற்றக்கூடிய இணைப்பில் இருக்கட்டும்.

பணி அனுபவத்தை உள்ளே கொண்டுவருதல்

வகுப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி அமைக்கும் கூட்டுறவுக் கல்வி முறையை, ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கினார். 1957இல் தோன்றிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அதைத் தன் அமைப்பின் மையமாகவே கொண்டது. அங்கே ஒரு மாணவர் படிப்புக் காலத்திலேயே பல முறை வேலைக்குச் சென்று திரும்புகிறார். திரும்பி வருவதில்தான் இம்முறையின் வலிமை இருக்கிறது. படிப்பின் கடைசியில் வைக்கப்படும் உள்ளகப் பயிற்சி, வேலை தேடுவதற்கு உதவலாம். ஆனால் அங்கே எழுந்த கேள்விகளோடு வகுப்பறைக்குத் திரும்பும் வாய்ப்பை மாணவர் இழக்கிறார். ஆகையால் குறைந்தது ஒரு பணிக்காலமாவது படிப்பின் நடுவில் அமைந்து, அதற்கு அடுத்த பருவத்தில் அந்த அனுபவத்தைப் பாடக் கருத்துகளோடு இணைத்து ஆராயும் ஒரு தாள் இருக்க வேண்டும்.

நிறுவனத்தோடு செய்யும் உடன்பாட்டில் மாணவர் செய்யப்போகும் பணிகள், அவரை வழிநடத்துபவரின் பொறுப்பு, வாரந்தோறும் கருத்துக் கூறும் நேரம், ஊதியம், குறை எழுந்தால் அணுக வேண்டியவர் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். ஊதியமில்லாப் பயிற்சியைக் கட்டாயமாக்குவது, செலவைத் தாங்க இயலாத மாணவரை வெளியே தள்ளும். எனவே அதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. படிப்போடு ஏற்கெனவே வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் மாணவர்களின் அந்த வேலையையும், உரிய சிந்தனைப் பதிவோடு, பணி அனுபவமாக ஏற்க வழி வகுக்க வேண்டும்.

எல்லோருக்கும் வெளியே இடம் கிடைக்காது. அப்போது வெளியுலகின் சிக்கலை வளாகத்துக்குள் கொண்டுவரலாம். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியது முதல், பருவந்தோறும் மாணவர் குழுக்கள் ஒரு சிக்கலை எடுத்து ஆராயும் திட்டப்பணியை மையமாக வைத்தே இயங்கிவருகிறது. அவ்வளவு பெரிய மாற்றம் இயலாத துறையும், ஓர் அமைப்போ சிறு நிறுவனமோ உண்மையில் விடை தேடும் ஒரு கேள்வியைப் பெற்று, அதை ஒரு பருவத்தின் திட்டப்பணியாக மாற்றலாம். அந்த அமைப்பின் ஒருவர் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் மாணவர்களைச் சந்திக்க வேண்டும். நடுவில் அவர் தம் தேவையைச் சிறிது மாற்றிச் சொன்னால் இன்னும் நல்லது, ஏனெனில் வேலையில் அப்படித்தான் நடக்கும்.

தம் திறனைத் தாமே சொல்லத் தெரிதல்

திறமை இருந்தும் அதை எடுத்துச் சொல்லத் தெரியாமல் நேர்முகத் தேர்வில் பின்தங்கும் மாணவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு. தாம் கற்றது என்ன என்று அவர்களை ஒருவரும் கேட்டுப் பழக்கவில்லை என்பதே காரணம். ஒவ்வொரு பெரிய ஒப்படைப்போடும் அரைப் பக்கம் எழுதச் சொல்ல வேண்டும்: என்ன முடிவெடுத்தேன், ஏன், மீண்டும் செய்தால் எதை மாற்றுவேன். இவற்றைச் சிறந்த படைப்புகளோடு சேர்த்து ஒரு தொகுப்பேடாக மாணவர் பேணி வந்தால், இறுதியாண்டில் வேலை விண்ணப்பம் எழுதும்போது அவரிடம் சான்றுகளோடு கூடிய சொற்கள் இருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இது மிகவும் தேவை. தொழில் உலகின் பேச்சு வழக்கங்களை வீட்டில் கேட்டு வளரும் வாய்ப்பு இல்லாதவர்களுக்குப் பல்கலைக்கழகம்தான் அதைத் தர வேண்டும்.

வெளியாரின் குரலைப் பயன்படுத்துதல்

தொழில்துறை ஆலோசனைக் குழு பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை கூடி, பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்து, ஓரிரு தலைப்புகளைச் சேர்க்கச் சொல்லிக் கலைகிறது. அவர்களிடம் பாடத்திட்டத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, பெயர் நீக்கிய மாணவர் படைப்புகள் சிலவற்றை, உயர் மதிப்பெண் பெற்றவை, சராசரி, குறைந்தவை எனக் கலந்து கொடுக்க வேண்டும். ‘இதை எழுதியவரிடம் அடுத்த வேலையை நம்பி ஒப்படைப்பீர்களா? இல்லையென்றால் எது தடுக்கிறது?’ என்று கேட்டால், பயன்படக்கூடிய பதில் வரும். ஆசிரியர் உயர்ந்த மதிப்பெண் தந்த படைப்பை வெளியார் நிராகரிக்கும் தருணங்களில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. குழுவில் ஒரே பெரிய நிறுவனத்தின் ஆதிக்கம் வராமல், சிறு நிறுவனங்கள், பொதுத்துறை, தொண்டு அமைப்புகள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் இன்றைய தேவைக்காக மட்டும் வடிவமைக்கப்பட்ட பட்டம், அந்நிறுவனத்தின் திட்டம் மாறும் நாளில் மாணவரைக் கைவிட்டுவிடும்.

ஆசிரியர்களும் நடைமுறைப்படுத்தும் வரிசையும்

இவ்வளவையும் செய்ய வேண்டியவர்கள் ஆசிரியர்கள். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பதவி உயர்வு வழங்கிவிட்டு, மதிப்பீட்டை மாற்றியமைக்கும் உழைப்பை அவர்களிடம் இலவசமாக எதிர்பார்ப்பது நியாயமாகாது. புதிய ஒப்படைப்பை வடிவமைப்பவருக்கு அந்தப் பருவத்தில் ஒரு தாளின் கற்பித்தல் சுமையைக் குறைப்பதும், அந்தப் பணியைப் பதவி உயர்வு மதிப்பீட்டில் சேர்ப்பதும் நிர்வாகம் செய்ய வேண்டிய குறைந்தபட்சம். இந்த உறுதியைப் பெறாமல் திருத்தத்தைத் தொடங்கும் துறைத் தலைவர், ஓராண்டுக்குள் தனியாளாக நிற்பார்.

முழுப் படிப்பையும் ஒரே ஆண்டில் மாற்ற முயல வேண்டாம். முதல் பருவத்தில் முன்னாள் மாணவர் நேர்காணலும் கற்றல் விளைவுகளும் அட்டவணையும் முடியட்டும். இரண்டாம் பருவத்தில், விருப்பமுள்ள ஆசிரியர்களின் இரண்டு முதன்மைத் தாள்களில் மட்டும் மதிப்பீட்டை மாற்றிப் பார்க்க வேண்டும்; ஒன்று முதலாண்டிலும் மற்றொன்று பிந்தைய ஆண்டிலும் இருந்தால் ஏறுவரிசை பற்றிய அறிவும் கிடைக்கும். அந்த அனுபவத்தைக் கொண்டு மற்ற தாள்களுக்கு விரிவுபடுத்தலாம். விருப்பப் பாடங்களில் தொடங்குவது எளிது என்றாலும், அங்கேயே தங்கிவிடும் அபாயம் இருப்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விளைவை அளவிடும்போது, பட்டம் பெற்ற உடனே எண்ணிப் பார்ப்பது தவறான படத்தைத் தரும். பிரிட்டனில் பட்டதாரிகளிடம் ஆறு மாதம் கழித்து நடத்தப்பட்ட கணக்கெடுப்பு, பின்னர் சுமார் 15 மாதம் கழித்து நடத்தப்படும் கணக்கெடுப்பாக மாற்றப்பட்டது. நிலையான பணி அமைய அவ்வளவு காலமாவது தேவைப்படுகிறது. துறை தன் அளவில் நடத்தும் கணக்கெடுப்பில், வேலை இருக்கிறதா என்பதோடு, படித்ததைப் பயன்படுத்தும் வேலையா, முதல் ஆண்டில் எதில் திணறினார், படிப்பின் எந்த ஒப்படைப்பு கைகொடுத்தது என்றும் கேட்க வேண்டும். தொடர்பு கொள்ள முடியாதவர்களின் எண்ணிக்கையையும் மறைக்காமல் வெளியிட வேண்டும், ஏனெனில் பதில் தருபவர்களில் வேலை கிடைத்தவர்களே அதிகமாக இருக்கக்கூடும். வேறு பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடுவதைவிட, தங்கள் முந்தைய அணிகளோடு, அந்தந்த ஆண்டின் பொருளாதார நிலையையும் கருத்தில் கொண்டு ஒப்பிடுவதே பாடத்திட்டத்தைப் பற்றி ஏதேனும் சொல்லும்.

இந்தத் தகவல்களோடு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு முழுநாள் மீளாய்வுக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். வெளியார் குழுவின் கருத்துடன் கூடிய மாணவர் படைப்புகள், புதுப்பித்த அட்டவணை, பட்டதாரிகள் திணறிய இடங்களின் தொகுப்பு ஆகிய மூன்றும் உறுப்பினர்களுக்கு முன்பே அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு எந்த இரண்டு தாள்களின் மதிப்பீடு மாறும், அதற்காக எது நீக்கப்படும், அதைச் செய்யும் ஆசிரியருக்கு எந்தப் பருவத்தில் நேரம் ஒதுக்கப்படும் என்ற மூன்று முடிவுகளும் பெயர்களோடும் தேதிகளோடும் அன்றைய குறிப்பேட்டில் பதிவான பிறகே கூட்டம் கலைய வேண்டும்.